அணிந்துரைக்கு ஓர் அணிந்துரை

ஜோதிமணி யாரையும் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. எட்டாம் வகுப்பில் தன் ஜாமெட்ரி பாக்ஸை மிதித்தவளின் கல்யாணத்துக்குத் தேடிப் போய், முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசத்தில் உப்பு கூடிவிட்டது என்று மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தவள் அவள். மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குப் பாயசம் தொடவில்லை. பாகலூர் ரோட்டில் அவள் வீட்டு வாசலை மறித்து ஆட்டோ நிறுத்துகிறவர்கள் இன்றைக்கும் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் நிறுத்துவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு மனிதரை மட்டும் இருபத்தாறு வருடமாக ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்திருந்தாள். மாவு புளிக்க வேண்டாமா?

அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஸ்வீட் பாக்ஸும் கக்கத்தில் ஒரு காகிதக் கட்டுமாகத் தானே நடந்து வந்து, அவள் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார்.

பெயர் சுரேந்தர். சிப்காட்டில் கைக்கடிகாரத்துக்குப் பாகம் செய்த ஒரு தொழிற்சாலையில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே தொழிற்சாலையில்தான் ஜோதிமணி பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு, கடுகளவு பல்சக்கரங்களில் பல் போனது எது, பழுதானது எது என்று பொறுக்கிப் போட்டு ஓய்வு பெற்றாள். கம்பெனித் தமிழ் மன்றத்துக்கு சுரேந்தர்தான் நிரந்தரத் தலைவர். ஓசூரில் அந்தக் காலத்தில் யார் என்ன எழுதினாலும், கல்யாணப் பத்திரிகை நீங்கலாக, அவர் அணிந்துரை இல்லாமல் அச்சேறாது.

"வாங்க சார். வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள் ஜோதிமணி.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க. ரோட்டு முனையில ஒரு பொடிசுகிட்ட டொங்கு வீடு எதுன்னு கேட்டேன். வாசல் வரைக்கும் கூட்டியாந்து விட்டுட்டுப் போவுது."

டொங்கு என்பது ஒரு பல்சக்கரம். பரிசோதனையில் கழித்துப் போடப்பட்டு, உருக்கப் போகிற லாரியிலிருந்து குதித்துத் தப்பித்து, உலகமெல்லாம் உருண்டு திரிகிற பல்சக்கரம். ஜோதிமணியின் சிறுவர் கதைகளுக்கெல்லாம் அதுதான் கதாநாயகன். அஞ்செட்டி மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸில்கூட டொங்குவை மடியில் வைத்துப் படித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு. படிக்கத் தெரியாத பிள்ளைகள் தலைகீழாகப் பிடித்துப் படிக்கும். அந்தக் கதைகளில் வருகிற வில்லன்கள், கொக்கானாலும் கிரேன் எந்திரமானாலும், பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "ஒரு நிமிஷம்" என்பார்கள். அது ஏன் என்று தமிழ்நாட்டில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி ஜோதிமணி. இன்னொருவர் அவள் புருஷன் மாடசாமி.

சுரேந்தர் சோபாவில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒரு நிமிஷம். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நான் ஒரு நாவல் எழுதிட்டேங்க. 'எல்லையில் ஒரு பெருமூச்சு.' நம்ம சத்யப்ரியாதான் புஸ்தகமாப் போடறாங்க. அணிந்துரை நீங்கதான் எழுதணும். வேற யார் எழுதினாலும் எனக்கு அது அணிந்துரையே இல்ல."

தேர்த் திருவிழாவில் சந்திரசூடேஸ்வரர் தேர் நிலையைவிட்டு முதல் அசைவு அசையுமே, அப்படி ஒன்று ஜோதிமணியின் நெஞ்சுக்குள் அசைந்தது. வெளியே மட்டும் காபி டம்ளரை அலுங்காமல் நீட்டினாள்.

"எழுதறேன் சார். உங்களுக்கு எழுதாம யாருக்கு எழுதப் போறேன்."

பேப்பருக்குப் பின்னால் இருந்த மாடசாமி இருமினார். திருநெல்வேலியிலிருந்து லேத் பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே ஊன்றிப்போனவர். பெண்டாட்டி குரலில் தேன் ஒழுகினால் யாருக்கோ சங்கு என்பது அவர் அனுபவம்.

விஷயம் இதுதான். 1998-இல் ஜோதிமணி ஒரு நாவல் எழுதினாள். பெரியவர்களுக்கான நாவல். பெயர் 'பாறை உடையும் ஊர்.' பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் வெடி வெடிக்கிறது. வெடிக்குத் தீ வைத்த சென்னகிருஷ்ணன் பாறைக்கடியில் போய்விட்டான் என்று ஊரே அழுது முடிக்கிறது. அவன் பெண்டாட்டி கங்கம்மா நானூறு பக்கம் ஒற்றை ஆளாக நிற்கிறாள். குவாரிக்காரனோடு மல்லுக்கட்டுகிறாள், வேறு கல்யாணம் கட்டச் சொல்கிற அண்ணன்காரனைத் துடைப்பத்தால் அனுப்பிவைக்கிறாள், வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று எங்கேயோ போய்வருகிறாள். எங்கே போகிறாள் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடக மண்ணில் கால் வைத்ததும் ஒரு புங்கமரம். அதனடியில் இளநீர் விற்கிறவன் சென்னகிருஷ்ணன். அவனுடைய தவறால் இரண்டு பேர் செத்த பயத்தில் ஓடிப்போனவன். கங்கம்மாவுக்கு ஆரம்பம் முதலே தெரியும். அவன் ஒரு காயைச் சீவித் தருவான். அவள் குடிப்பாள். ஒருவார்த்தை பேச்சில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

அந்த முடிவை எழுதிய அன்றைக்கு ஜோதிமணி மூன்று படி கண்ணீர் விட்டதாக மாடசாமி சொல்வார். இரண்டரை படிதான் என்பது ஜோதிமணியின் கட்சி.

அணிந்துரைக்கு சுரேந்தர் சாரிடம் போனாள். வேறு யாரிடம் போவது? அவர் ஆறு பக்கம் எழுதி நேரே அச்சகத்தில் கொடுத்தார். முதல் பக்கத்தின் முதல் பத்தியிலேயே, 'இறந்ததாகக் கருதப்படும் கணவன் எல்லை தாண்டி இளநீர் விற்பதும், மனைவி வெள்ளிதோறும் சென்று பேசாமல் பருகி வருவதும்' என்று மொத்தத்தையும் போட்டு உடைத்திருந்தார். அச்சாகி வந்தபிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். அணிந்துரையை முன்கூட்டியே வாங்கிப் படிப்பது பெரியவர்களைச் சந்தேகப்படுவதாகும் என்று அப்போது ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை நாசமாய்ப் போக.

புத்தகம் வாங்கிய சொந்தக்காரர்கள் அணிந்துரையைப் படித்தார்கள். "ஓ, புருஷன் உசுரோடதான் இருக்கறானா, நல்லதாப் போச்சு" என்று நிம்மதியாக மூடி வைத்தார்கள். பிரதிகள் மாடசாமியின் கட்டிலுக்கடியில் செங்கல்லாக அடுக்கப்பட்டன. கரையான்கூட முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஜோதிமணி நாவல் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தைகளுக்கு எழுதப் போனாள். பாசத்தால் என்று பேட்டிகளில் சொல்வாள். உண்மைக் காரணம் வேறு. குழந்தைகள் அணிந்துரை படிப்பதில்லை.

சுரேந்தர் கேட்டைத் தாண்டியதும் மாடசாமி பேப்பரை மடித்தார்.

"ஏளா, என்ன செய்யப் போற?"

"அவரு எனக்குச் செஞ்சதத்தான். முதல் வரியிலயே முடிவ ஒடச்சு வெக்கப் போறேன். செஞ்சவனே அவன்தான், செத்தவனே இவன்தான்னு, எது இருக்குதோ அதை."

"வயசான காலத்துல இது தேவையா?"

"வயசாகறதுக்குத்தாங்க காத்திருந்தேன். அப்ப அவரு மேனேஜரு. இன்க்ரிமென்ட்டுல கை வெப்பாரு. இப்ப என்ன வெப்பாரு?"

மாடசாமி மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

காகிதக் கட்டைப் பிரித்து ஜோதிமணி ஆசை ஆசையாகப் படித்தாள். தன் வாழ்நாளில் எந்தப் புத்தகத்தையும் அவள் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. கொலை செய்யப் போகிற வீட்டு நாய்க்குப் பிஸ்கட் போடுகிறவன் மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் தடவித் தடவித் திருப்பினாள். ஒரு தொழிற்சாலை. ஒரு பொறியாளன். விபத்து. ஆளைக் காணோம். மனைவி காத்திருக்கிறாள். எல்லாரும் எல்லாப் பக்கத்திலும் பெருமூச்சு விட்டார்கள்; மொத்தக் காற்றையும் பிடித்து வைத்தால் சிப்காட்டுக்கு ஒரு மாதம் மின்சாரம் எடுக்கலாம்.

கடைசி அத்தியாயத்தில் அந்த மனைவி, வெள்ளிக்கிழமை, அத்திப்பள்ளியில் இறங்கினாள். ஒரு மரம். மரத்தடியில் புருஷன். கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தான். அவள் குடித்தாள். பேசவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

ஜோதிமணி கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள். மரம்கூட புங்கமரம்தான்.

"ஏங்க," என்றாள். குரல் சமையலறையிலிருந்து வரவில்லை, பூமிக்கடியிலிருந்து வந்தது. மாடசாமி ஓடிவந்தார்.

"என் இளநீர எடுத்துக்கினு கரும்புச்சாறு ஊத்தியிருக்கறாருங்க."

மாடசாமி படித்துப் பார்த்தார். "களவாணிப் பய," என்றார். பிறகு சற்று யோசித்து, "இப்ப நீ முடிவ உடைச்சா, உன் முடிவத்தாம்ளா உடைக்கணும்," என்றார்.

அதுதான் சிக்கல். இருபத்தாறு வருடம் புளிக்க வைத்த மாவில் பல்லி விழுந்த கதை. அன்றைக்கு முழுக்க ஜோதிமணி சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. கோபத்தில் ஒரு டஜன் பணியாரம் சாப்பிட்டாள். பன்னிரண்டாவது பணியாரத்தை விண்டு சட்னியில் தோய்க்கும்போது அவள் முகம் மலர்ந்தது. அவள் ஒன்றுமே உடைக்க வேண்டியதில்லை. உடைக்க வேண்டியதையெல்லாம் சுரேந்தரே உடைத்து வைத்திருக்கிறார்.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிரதியை உருவித் தூசி தட்டினாள். எழுத உட்கார்ந்தாள். முதல் பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. கங்கையும் காவிரியும் தென்பெண்ணையும் ஒன்றாகப் பாய்ந்தால் எப்படியோ அப்படி ஒரு நடை என்றாள். இரண்டாம் பக்கத்தில் இப்படி வந்தது:

'இந்நாவலின் இறுதி அத்தியாயம், தமிழில் இதற்குமுன் ஒரே ஒருமுறை மட்டும் நிகழ்ந்த அற்புதம். அதை விளக்க எனக்குத் தகுதி போதாது. ஆகவே எனது "பாறை உடையும் ஊர்" நாவலுக்கு 1998-இல் திரு. சுரேந்தர் அவர்களே எழுதிய அணிந்துரையின் முதல் பத்தியை அப்படியே தருகிறேன்.' அடுத்து அந்தப் பத்தி, ஒரு கால்புள்ளி குறையாமல். அதன் கீழே: 'இவ்வரிகள் அன்று என் நாவலுக்கு எப்படிப் பொருந்தினவோ, அப்படியே இன்று அவர் நாவலுக்கும் பொருந்துகின்றன. கரும்புச்சாறு மட்டும் புதிது.'

மூன்றாம் நாள் சுரேந்தரிடமிருந்து போன் வந்தது. ஜோதிமணி ஸ்பீக்கரில் போட்டாள். மாடசாமி காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார்.

"ஒரு நிமிஷம். படிச்சேங்க. கண்ணு கலங்கிடுச்சு. என் பழைய எழுத்தையே தேடிப் புடிச்சு மேற்கோள் காட்டியிருக்கீங்க பாருங்க. அப்பவே இந்த முடிவு என் மண்டையில இருந்திருக்குது. எனக்கே ஆச்சரியமாயிருக்குது."

"எனக்கும்தான் சார்."

"கரும்புச்சாற எல்லாரும் கவனிக்க மாட்டாங்க. நீங்க கவனிச்சிருக்கீங்க. எழுத்தாளர்னா எழுத்தாளர்தான்."

போன் அணைந்ததும் மாடசாமி காதிலிருந்து கையை எடுத்தார். "இவன் வெளஞ்சவனா வெகுளியா? ஒரு எழவும் வெளங்கலியே," என்றார்.

அடுத்த போன் பதிப்பாளர் சத்யப்ரியாவுடையது. கிருஷ்ணகிரிப் பெண், சின்ன வயசு, கண் மட்டும் கழுகுக் கண்.

"அம்மா, ரெண்டாவது பக்கத்த சார் படிச்சாராங்கம்மா?"

"படிச்சாரு. கண்ணு கலங்கிருச்சாம்."

"அப்பச் சரிங்கம்மா. பிரிண்டுக்கு அனுப்பிடறேன்." சொல்லும்போதே சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

வெளியீட்டு விழா தளி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். புத்தக வெளியீட்டில் பேசுகிறவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறார்கள்? காரில் வரும்போது அணிந்துரையைப் புரட்டுவார்கள். அதில் உள்ளதையே முன்னே பின்னே மாற்றி, நடுவில் ஒரு குறள் சொருகி, பொன்னாடையோடு வீட்டுக்குப் போவார்கள். ஜோதிமணி அதைத்தான் நம்பியிருந்தாள். நம்பிக்கை வீண்போகவில்லை.

முதலில் பேசிய பேராசிரியர் பரமசிவம், "எல்லை தாண்டி இளநீர் விற்கும் கணவன், வெள்ளிதோறும் பேசாமல் பருகும் மனைவி, என்ன ஒரு கற்பனை" என்று உருகினார். இரண்டாமவர் அதே இளநீரை இன்னும் இனிப்பாகத் தந்தார். மூன்றாமவர் இளநீரின் மருத்துவக் குணங்களுக்குப் போய்விட்டார். மேடையில் யாருமே கரும்புச்சாறு பிழியவில்லை. சுரேந்தரின் புன்னகை இளநீருக்கு இளநீர் ஒரு பல் குறைந்துகொண்டே வந்தது. முன்வரிசையில் ஜோதிமணி, மடியில் கைகோத்து, பேத்தியின் நாட்டியத்தைப் பார்க்கிற பாட்டி மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக மண்டபத்துக்கும் மாலைக்கும் பொறுப்பேற்ற திம்மப்பன் எழுந்தார். பேரிகைப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்து, பூவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெரிய புள்ளி. வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் கன்னடம், மேடையில் மட்டும் தமிழ்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதுங்க. எம்மக பொஸ்தகத்தோட கடைசிய வாசிச்சுக் காட்டுச்சு. அதுல கரும்புச்சாறுன்னு இருக்குது. இங்க எல்லாரும் இளநீர் இளநீர்ங்கறாங்க. எதுங்க சரி?"

மண்டபம் சிரித்தது. திம்மப்பன் சிரிக்கவில்லை. அணிந்துரைப் பக்கத்தை விரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"இளநீர்ங்கறது ஜோதிமணியம்மா கதைன்னு சாரே எழுதியிருக்கறாரு. தொண்ணூத்தெட்டுல. அப்ப கத அவங்களுதா? சாரோடது ஜூஸு மட்டுந்தானா?"

சிரிப்பு பாதியில் நின்றது. பரமசிவம் முதல்முறையாக அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மண்டபத்தில் அத்தனை பேரும் திறந்தார்கள். பக்கம் புரள்கிற சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி கேட்டது. ஓசூரில் ஒரு வெளியீட்டு விழாவில் புத்தகம் படிக்கப்பட்டது அன்றைக்குத்தான். சுரேந்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார். "ஒரு நிமிஷம்" மட்டும் வரவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு, காலி நாற்காலிகளுக்கு நடுவே அவர் ஜோதிமணிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். பொன்னாடை ஒரு தோளில் தொங்கியது.

"அது என்னுதுன்னே நெனச்சேங்க. இத்தன வருஷமா மண்டைக்குள்ள கெடந்துச்சு. சத்தியமா."

"சரி சார். என் நாவல்ல வேற எதுவும் உங்க மண்டையில தங்கலீங்களா? துடப்பம்? குவாரிக்காரன் பொண்ணு? கங்கம்மாவுக்கு வந்த அம்மை?"

சுரேந்தர் பொன்னாடையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சார். முழுசாப் படிச்சீங்களா?"

"அன்னிக்கு யூனியன் பேச்சுவார்த்தை. நேரமில்ல. கடைசி அத்தியாயம் மட்டும்…"

ஜோதிமணி இத்தனை வருடம் எந்தக் குற்றத்துக்காக அவரைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தாளோ அது சின்னக் குற்றம். பெரிய குற்றம் இப்போதுதான் கையில் கிடைத்தது. முடிவைச் சொன்னது போகட்டும். அவர் படிக்கவே இல்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மண்டபத்துச் சீரியல் விளக்கெல்லாம் ஒருமுறை மங்கி எரிந்தது.

சத்யப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, வெளியில அத்தன பேரும் உங்க பழைய நாவலத்தான் கேக்கறாங்க. மறுபதிப்புப் போட்டுடலாமா?"

"போடலாம். ஆனா புது அணிந்துரை வேணும்."

"யார்கிட்ட கேக்கலாம்?"

ஜோதிமணி சுரேந்தரைப் பார்த்து, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள்.

"சார்தான் எழுதணும். வேற யார் எழுதினாலும் எனக்கு அது அணிந்துரையே இல்ல. ஒரே ஒரு நிபந்தனை. முடிவச் சொல்லக் கூடாது. மத்த நானூறு பக்கத்தையும் பத்தி எழுதணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் கூடாது. எங்க வீட்டுல, எங்கண்ணு முன்னாடி, ஒக்காந்து படிக்கணும்."

சுரேந்தர் வாயைத் திறந்தார். சத்யப்ரியாவின் கையில் இருந்த மைக் இன்னும் அணைக்கப்படவில்லை என்பதைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் தினமும் வந்தார். ஜோதிமணி முன்னறையில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். சாய்ந்தால் கிறீச்சிடும், தூங்கினால் காட்டிக்கொடுக்கும். அவள் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். அவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினால், "சார், ஒட்டிக்கிச்சு பாருங்க" என்பாள். அம்மை வருகிற அத்தியாயத்தைப் படித்தபிறகு கேள்வி கேட்டாள். யார் வேப்பிலை கொண்டுவந்தது? தப்பாகச் சொன்னார். மறுபடி படிக்க வைத்தாள்.

"பாவம்ளா, அந்தாளு," என்றார் மாடசாமி அடுக்களையில்.

"பாவமாங்க? ரொம்ப நல்லது," என்றாள்.

முதல் சில நாள் சுரேந்தர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். துடைப்பம் வந்த இடத்தில் ஒருமுறை தன்னை மறந்து சிரித்துவிட்டு, சிரித்ததற்காக விழித்தார். அதன்பின் கடிகாரம் பார்ப்பது குறைந்தது. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. ஒருநாள் மதியம் மழை பிடித்து, கரண்ட் போய், ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயம். கங்கம்மா வெள்ளிக்கிழமைக்குப் புடவை எடுத்து வைக்கிறாள்.

சுரேந்தர் நிமிர்ந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"ஏங்க ஜோதிமணி. இவ்ளோ பட்டுட்டாளே அந்தப் பொண்ணு. போய் அவன்கிட்ட ஒரு வார்த்தையாவது பேசுவாளா?"

இதே முடிவை அணிந்துரையில் உடைத்தவர் அவர். திருடித் தன் நாவலில் ஒட்டியவரும் அவர்தான். ஏழு கழுதை வயதில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஜோதிமணியின் கை கீரைக் காம்பில் நின்றது. காம்பைப் பாத்திரத்திலும் கீரையைக் குப்பையிலும் போட்டாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "படிங்க."